பெயர் கேட்கக் கூடாத செடி

கடிகாரக்காரர் வீட்டுக் கொல்லையில் ஒரு செடி முளைத்தது. அதன் பெயர் யாருக்கும் தெரியவில்லை. நமக்குப் பெயர் தெரியாத செடிகள் உலகத்தில் ஆயிரம் இருக்கின்றன. அவற்றை மிதித்துக்கொண்டு நம் பாட்டுக்குப் போகிறோம். இந்தச் செடி செய்த புண்ணியம், அது எதிர்வீட்டு டீச்சர் கண்ணில் பட்டதுதான். டீச்சர் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் பாடம் நடத்துகிறவர். அவருக்கே தெரியாத செடி என்றால் அது சாதாரணச் செடியாக இருக்க முடியாது என்று அவரே சொன்னார்.

ஒரே வாரத்தில் அந்த வீட்டின் பக்கச் சந்து ஆட்களால் அடைத்துக்கொண்டது. சொம்பு, குப்பி, பால்புட்டி, பூச்சாடி என்று கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். முதுகுவலிக்காரர்கள் மூன்று மணி நேரம் அசையாமல் நின்றார்கள். மூட்டுவலிக்காரர்கள் இடம் போய்விடுமே என்று உட்காரவே இல்லை. மருந்து வாயில் படுவதற்கு முன்பே இவ்வளவு குணம் தெரிந்தால், அது மூலிகையின் மகிமை அல்லாமல் வேறென்ன?

வரிசையின் முன்கோடியில், துணி துவைக்கிற கல்லின்மேல், இலையார் உட்கார்ந்திருந்தார்.

அது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. இலைகளோடு பேசுகிறவர் என்பதால் ஜனங்கள் வைத்தது. டீச்சர்தான் யாரையோ பிடித்து அவரை வரவழைத்தார். வந்த அன்று அவர் ஓர் இலையைக் கிள்ளிக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். இரண்டு கண்ணிலிருந்தும் நீர் வழிந்தது. ஜனங்கள் பக்கம் இருந்த கண்ணில் கொஞ்சம் அதிகமாக வழிந்தது.

"பேசுது," என்றார்.

"என்னங்க பேசுது?" என்று டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"நூறு வருஷத்துக்கு ஒரு தடவை முளைக்கிற மூலிகை இது. உலகத்துலயே இப்ப இந்த ஒரு செடிதான். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, கல்லடைப்பு, கோர்ட்டு வழக்கு எல்லாத்தையும் தீர்க்கும். கபடம் இல்லாதவங்க வீட்டுலதான் தலை காட்டும்."

கபடம் இல்லாத வீட்டின் தலைவி முந்தானையில் குத்தியிருந்த ஊசியோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். தெரு முழுக்க அவளைத் தையலக்கா என்றுதான் கூப்பிடும். அரைக் கிழம் முதல் முழுக் கிழம் வரை எல்லாருக்கும் அவள் அக்காதான்.

"இதுக்குப் பேர் என்னங்க?" என்று அவள் கேட்டாள்.

இலையார் பதறிப் போனார். "பேரைச் சொன்னா குணம் போயிடும்மா! இனிமே யாரும் கேக்கவே கூடாது. இன்னொண்ணு, மண்ணைக் கிளறக் கூடாது. இதோட வேரைப் பார்த்தவங்களுக்குக் கண்ணு போயிடும்."

இப்படியாக, ஒரு செடியைப் பற்றி மனிதன் கேட்கக்கூடிய இரண்டு நல்ல கேள்விகளும், அதாவது 'இது என்ன', 'இதற்கு அடியில் என்ன' என்கிற இரண்டும், பாவம் என்று ஏற்பாடாயிற்று. மிச்சம் இருந்த ஒரே கேள்வி, வரிசை எங்கே முடிகிறது என்பதுதான்.

வைத்திய முறை எளிமையானது. வந்தவர் கையால் ஓர் இலையைத் தொட வேண்டும். இலையார் அதைக் காதில் வைத்துக் கேட்பார். "உங்களுக்கு ராத்திரி தூக்கம் சரியில்லை," என்பார். விடிவதற்கு முன்பே எழுந்து வந்து நின்றவர் ஆடிப்போய்விடுவார். "எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" "நான் கண்டுபிடிக்கல. இலை சொல்லுது." இலைக்குக் கொட்டாவி தெரியாது என்று யார் சொன்னது?

இருந்தது ஒரு புதர். வந்தது ஊர். ஆகையால் ஒரு பெரிய அண்டா தண்ணீருக்கு ஓர் இலை என்று கணக்கு. "இலை தண்ணியைப் பார்த்தாலே போதும்," என்றார் இலையார். ஆளுக்கு ஒரு கரண்டி. அவர் பணத்தைக் கையால் தொட மாட்டார். சந்து முனையில் ஒரு துணிப்பை தொங்கியது. அதை அவருடைய மச்சான் தொட்டுக்கொண்டே நின்றார்.

வீட்டுக்காரருக்கு மட்டும் நாலைந்து இலையை அரைத்துக் கரைத்த கெட்டிச் சாறு, காலையும் மாலையும் ஒரு டம்ளர். இடம் கொடுத்தவருக்குச் செய்கிற மரியாதை.

அந்த மரியாதைதான் தையலக்காளுக்குக் கவலையாக இருந்தது.

கடிகாரக்காரருக்குச் சர்க்கரை வியாதி. தெருவைப் பார்த்த அறையில், ஜன்னலோரம், ஒரு கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு கடுகளவு திருகாணிகளோடு வேலை செய்கிற மனிதர். பதினொரு வருஷமாக மாத்திரையில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. மூலிகையும் மாத்திரையும் ஒரே உடம்பில் இருந்தால் மூலிகை கோபித்துக்கொள்ளும் என்று இலையார் சொல்லிவிட்டார். மாத்திரை அட்டை அலமாரிக்கு மேலே போய்விட்டது. அது ஆயிற்று பத்தொன்பது நாள்.

இப்போது அவர் சாறு குடித்த அரைமணி நேரத்தில் வாந்தி எடுக்கிறார். இடது காலில் செருப்புக் கடித்த இடம் ஆறாமல் புண்ணாகி, சுண்டுவிரல் கறுத்துவிட்டது. நேற்று ஒரு திருகாணி கீழே விழுந்தது. அவர் மேஜையைத் தடவினார். அது அவர் கை பக்கத்திலேயேதான் கிடந்தது. அவள் எடுத்துக் கொடுத்தாள். அவர் தெரிந்தது மாதிரி வாங்கிக்கொண்டார்.

"என்னங்க, டாக்டர்கிட்ட ஒரு நடை போய்ட்டு வந்துடலாமே?"

"நோய் வெளியே வருதும்மா. வர்றப்ப போய் அதைத் தடுப்பியா?"

இலையாரிடம் போய்க் கேட்டாள். அவர் இலையைக் காதில் வைத்து, வெகு நேரம் கேட்டு, வருத்தமாகச் சிரித்தார்.

"வீட்டுக்குள்ள ஒரு மனசுல சந்தேகம் இருக்குதாம். சம்சாரம் சந்தேகப்பட்டா புருஷனுக்கு மருந்து ஏறாதும்மா. பார்த்துக்கோங்க."

ஆக, கணவர் குணமானால் அது மூலிகையால். ஆகாவிட்டால் அது அவளால். அன்றிலிருந்து தையலக்கா சந்தேகப்படாமல் இருக்கப் பாடுபட்டாள். தினமும் விளக்கேற்றி, "கடவுளே, என் மனசுல இருக்கிறதை எடுத்துடு," என்று வேண்டிக்கொண்டாள். கடவுள் எடுக்கவில்லை. எதற்காகக் கொடுத்தாரோ அதற்கு இன்னும் வேலை வரவில்லை என்று நினைத்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய கொழுந்தன் வந்தார். கடிகாரக்காரரின் ஒரே தம்பி. ஒரு மாணவர் விடுதி கேன்டீனில் சமையல்காரர். முந்நூறு பேருக்குச் சமைத்துவிட்டு வந்தவருக்கு அண்ணன் வீட்டுக்குள் நுழைய வரிசையில் நிற்கும்படி ஆயிற்று.

"என்ன அண்ணி, வீட்டை சினிமாக் கொட்டகை ஆக்கிட்டீங்களா? டிக்கெட் எங்க வாங்கணும்?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவர், அண்ணனைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

"என்னண்ணே, முகம் இப்படி வத்திப்போச்சு?"

"நோய் வெளியேறுதுடா."

"நோய் வெளியேறுற மாதிரி தெரியலண்ணே. நீங்க வெளியேறுற மாதிரி இருக்கு."

அண்ணியிடம் அவர் சத்தம் போடவில்லை. 'இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க' என்று ஆரம்பிக்கவும் இல்லை. வெந்நீர் வைக்கச் சொன்னார். தரையில் உட்கார்ந்து அண்ணன் காலை மடியில் வைத்து, கட்டை அவிழ்த்து, புண்ணைக் கழுவித் துடைத்துச் சுத்தமான துணி சுற்றினார். அறையில் இருந்த நாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பத்தொன்பது நாளாக வராத அழுகை தையலக்காளுக்கு அப்போதுதான் வந்தது.

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போலாம்ணே."

"நீ மூலிகையை நம்பலைன்னா வராதே. என் விஷயத்துல தலையிடாதே," என்று கடிகாரக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தம்பி கொல்லைக்குப் போனார். கீழே விழுந்து கிடந்த ஓர் இலையை எடுத்துக் கசக்கி முகர்ந்தார். இன்னொரு தடவை முகர்ந்தார்.

"இந்த வாசனை எனக்குத் தெரியும் அண்ணி. எங்கன்னுதான் புரியல."

"பேரைக் கேக்கக் கூடாதாம், தம்பி."

"நான் கேக்கலை அண்ணி. ஞாபகப்படுத்திக்கிறேன். அதுக்குத் தடை ஒண்ணும் இல்லையே?"

மூன்றாம் நாள் காலையில் லீவு போட்டுவிட்டு அவர் திரும்பி வந்தார். கையில் ஒரு பழைய எண்ணெய் டின். அதன்மேல் ஈரச் சாக்கு மூடியிருந்தது.

"என்ன தம்பி இது?"

"காட்டவா?"

தையலக்கா யோசித்தாள். "வேணாம். பார்த்தேன்னா என் முகத்துலயே தெரிஞ்சிடும்."

"அப்ப ஒரு தட்டு மட்டும் குடுங்க. ஆனா அண்ணி, இது உங்க வீடு. நீங்க வேணாம்னு சொன்னா இப்படியே தூக்கிட்டுப் போயிடறேன்."

அவள் அலமாரிக்கு மேலே இருந்த மாத்திரை அட்டையைப் பார்த்தாள். பிறகு பெரிய தட்டாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள்.

அன்று நல்ல கூட்டம். கேன்டீன்காரர் தட்டில் பத்து இலைகளை வைத்துக்கொண்டு இலையார் முன்னால் பணிவாகப் போய் நின்றார். டின் அவர் காலடியில், சாக்குக்குள் இருந்தது.

"ஐயா, ஒரு சின்ன விளக்கம். பார்வைக்கு எல்லா இலையும் ஒரே மாதிரி இருக்கு. இந்தப் பத்துல நம்ம மூலிகை எது, வேற செடியோட இலை எதுன்னு பிரிச்சுக் காட்ட முடியுமா?"

"ஏய், ஐயாவையே சோதிக்கிறியா?" என்று மச்சான் பாய்ந்தார்.

"சோதனை இல்லீங்க. தெரிஞ்சவர்கிட்ட கேட்டாத்தானே தெரியாதவன் தெரிஞ்சுக்க முடியும்?"

இலையாரைக் காப்பாற்ற ஒருவரும் இல்லை. அவருடைய எதிரிகள் யாரும் அங்கே இல்லை என்பதுதான் காரணம். அத்தனை பேரும் பக்தர்கள். "காட்டுங்கய்யா!" "அவன் வாயை அடைங்கய்யா!" என்று வரிசை கலைந்து முன்னால் வந்தது. டீச்சர் நன்றாகப் பார்ப்பதற்காக அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எக்கினார்.

இலையார் ஒவ்வோர் இலையாகக் காதில் வைத்தார். "இது பேசுது… இது பேசுது… இது ஊமை. தூக்கிப் போடு… இது பேசுது." முடிவில் ஆறு இலை வலப்பக்கம், நான்கு இலை இடப்பக்கம். "இந்த ஆறும் நம்ம மூலிகை. அந்த நாலும் காட்டுப் புல்லு."

டீச்சர் கை தட்டினார். கூட்டம் தட்டியது.

கேன்டீன்காரரும் தட்டினார். பிறகு குனிந்து சாக்கை விலக்கினார். டின்னில் அதே மாதிரி ஒரு செடி இருந்தது. அதே இலை, அதே பச்சை, அதே வாசனை. இலை கிள்ளிய இடங்கள் ஈரமாக இருந்தன.

"பத்து இலையும் இதுல கிள்ளினதுங்க. இந்தக் கொல்லையோட இலை தட்டுல ஒண்ணுகூட இல்ல. உலகத்துலயே ஒரு செடிதான்னீங்க. எங்க கேன்டீன்ல ஒண்ணு இருக்கு."

இலையார் மூன்று தடவை கண் சிமிட்டினார். திறமைசாலிகளுக்கு அதற்கு மேல் அவகாசம் தேவையில்லை.

"அந்த ஆறு இலைக்குள்ள நம்ம மூலிகையோட சக்தி பாய்ஞ்சிடுச்சு. பக்கத்துல இருக்கு இல்லையா? காத்து வழியாப் பாயும்."

"ஆ!" என்றது கூட்டம்.

"பாயலாம்," என்றார் டீச்சர். "காத்து வழியா மகரந்தம் போகுது. சக்தி போகக் கூடாதா?" விஞ்ஞானப் பாடம் அன்றைக்கு அந்த அளவுக்குப் பயன்பட்டது.

"சரிங்க," என்றார் கேன்டீன்காரர், கொஞ்சமும் கோபப்படாமல். "அப்ப வேரைப் பார்த்துடலாம். ரெண்டும் ஒண்ணா வேறயான்னு தெரிஞ்சிடும்."

அவ்வளவுதான். கொல்லை கொந்தளித்தது. "டேய், கண்ணு போயிடும்!" "அவன் கண்ணு போனாப் போகுது, எங்க கண்ணும் போயிடும்டா!" பாதிப் பேர் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். மீதிப் பேர் பொத்திய விரல்களுக்கு நடுவே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் கேன்டீன்காரரின் சட்டையைப் பிடித்தார்.

அப்போது தையலக்கா படியிறங்கி வந்தாள்.

"அவரை விடுங்க. தம்பி, நீங்க வேணாம். என் வீட்டுச் செடி. என் புருஷன் கால். நானே பிடுங்கறேன்."

"அம்மா!" இலையார் கல்லைவிட்டு எழுந்தார். "ரெண்டு கண்ணும் போயிடும்மா!"

"ஊசியில நூல் கோக்கிற கண்ணுங்க இது. எனக்கும் வேணும்தான். ஆனா உள்ள ஒருத்தருக்கு வேரைப் பார்க்காமலே போய்க்கிட்டு இருக்கே, அதுக்கு உங்க இலை என்ன சொல்லுது?"

இலை ஒன்றும் சொல்லவில்லை. தையலக்கா இரண்டு கையையும் குவித்து, உதடு அசைய ஒரு நிமிஷம் நின்றாள். இந்தத் தடவை 'எடுத்துடு' என்று வேண்டவில்லை. பிறகு குனிந்து, தண்டை அடியோடு பிடித்து, பலம் கொண்ட மட்டும் இழுத்தாள்.

மண் பொத்துக்கொண்டு வந்தது. கோலிக்குண்டு அளவிலும் எலுமிச்சை அளவிலும், ஒன்றிரண்டு கைப்பிடி அளவிலுமாக உருண்டைகள் வெள்ளை வேர்களில் தொங்கிக்கொண்டு வந்தன. ஒன்று அறுந்து விழுந்து, உருண்டு போய், டீச்சரின் காலடியில் நின்றது.

யாருக்கும் கண் போகவில்லை. கொஞ்சம் பேருக்கு வந்தது.

"இது என்னமோ உருளைக்கிழங்கு மாதிரி இருக்கே?" என்று வரிசையில் ஓர் அம்மாள் மெதுவாகக் கேட்டாள்.

"மாதிரி இல்லம்மா. அதேதான்." கேன்டீன்காரர் டின்னைக் கவிழ்த்தார். சுருங்கிய பழைய கிழங்கு ஒன்று, தலையில் செடியோடு வெளியே வந்தது. "எங்க ஸ்டோர் ரூம் மூலையில ஒரு சாக்கு மறந்து கிடந்தது. அடியில இருந்ததெல்லாம் முளைச்சு, ஜன்னல் பக்கமா இலை விட்டிருந்துச்சு. வாசனையைப் பிடிச்சுக்கிட்டே போய்க் கண்டுபிடிச்சேன். பொறந்ததுலேர்ந்து தின்னுட்டு இருக்கோம், இதோட இலையை யாராவது பார்த்திருக்கோமா? கடைக்குக் கிழங்குதானே வருது!"

தையலக்கா கையில் செடியோடு அப்படியே நின்றாள். "நான்தான் போட்டேன்," என்றாள். "சர்க்கரைக்காரர் உருளைக்கிழங்கு சாப்பிடக் கூடாதுன்னு டாக்டர் சொன்ன அன்னிக்கு, கூடையில முளைவிட்டுக் கிடந்ததையெல்லாம் இந்தக் கல்லுப் பக்கம் நான்தான் வீசினேன்."

"இலையில விஷம் இருக்கு அண்ணி. பச்சை ஓடின கிழங்கையே நாங்க சட்டியில போட மாட்டோம். தினம் ரெண்டு டம்ளர் சாறு குடிச்சா வாந்தி வராம வேற என்ன வரும்?"

"மூலிகை கோவிச்சுக்கிட்டு கிழங்கா மாறிடுச்சு!" என்று இலையார் கடைசியாக ஒன்றை வீசிப் பார்த்தார். அதற்கும் ஏழெட்டுத் தலைகள் ஆடின. ஒருவர் முன்னால் வந்து, "மாறினதை எப்படிங்க சாப்பிடணும்?" என்று பயபக்தியோடு கேட்டார்.

"வேக வச்சு," என்றார் கேன்டீன்காரர்.

மச்சானைக் காணோம். பையையும் காணோம். ஏமாந்தவர்களுக்கு வீரம் வந்தது. ஒருவர் இலையாரின் சட்டைக் கழுத்தைப் பிடித்துக் கையை ஓங்கினார். தையலக்கா நடுவில் போய் நின்றாள்.

"அடிக்காதீங்க. என் வீட்டுல யாரும் யாரையும் அடிக்க வேணாம்." பிறகு, மாலை வேளைக்காகக் கணவருக்கு எடுத்து வைத்திருந்த கெட்டிச் சாறு டம்ளரை எடுத்துவந்து இலையாரிடம் நீட்டினாள். "பயந்து போயிருக்கீங்க. இதைக் குடிச்சிட்டுப் போங்க. எல்லாத்துக்கும் நல்லதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவள் குரலில் கேலி இல்லை. அதுதான் அவரால் தாங்க முடியாமல் போயிற்று. அவர் டம்ளரைப் பார்த்தார். ஜனங்களைப் பார்த்தார். திரும்பவும் டம்ளரைப் பார்த்தார்.

"எனக்கு… வயிறு சரியில்லம்மா," என்றார்.

முதலில் சிரித்தது டீச்சர்தான். சிரித்துவிட்டு, தான் கொண்டுவந்திருந்த குப்பியைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டார்.

கடிகாரக்காரர் கொல்லைப் பக்கத்து ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தம்பி உள்ளே போனபோது அவர் எழுந்து உட்கார்ந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். செருப்பு எதிரிலேயே இருந்தது. தம்பி எடுத்துக் காலில் மாட்டிவிட்டார்.

டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா முழங்காலோட எடுத்திருப்போம்," என்றார். சுண்டுவிரலோடு போயிற்று. மாத்திரை உள்ளே போன பதினைந்தாம் நாள் பார்வையில் இருந்த மங்கல் கொஞ்சம் விலகியது. மாதக் கடைசியில் அவர் ஒரு திருகாணியைத் தானே கண்டுபிடித்து எடுத்தார். எடுத்ததை மனைவிக்குக் காட்டினார்.

கட்டு மாற்றப் போகிற நாட்களில் ஆஸ்பத்திரி பெஞ்சில் தெரிந்த முகங்கள் நிறைய இருந்தன. எல்லாரும் அவரவர் பாதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் முறை வந்தது. நர்ஸ் கொடுத்த மாத்திரையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார்.

"சிஸ்டர், இது என்ன மாத்திரை? எதுக்கு? இதுல என்ன இருக்கு? சாப்பிட்டா என்ன ஆகும்?"

பின்னால் இருந்தவர்களும் ஆளுக்கொரு கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். வரிசை நகரவில்லை. இருந்தும் நர்ஸ் எரிந்து விழவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "கேளுங்க, சொல்றேன். இதுக்குத்தானே உட்கார்ந்திருக்கேன்," என்று ஒவ்வொருவருக்காகச் சொன்னாள்.

நல்லவர்களை இப்படித்தான் அடையாளம் காண வேண்டும், கேட்டால் சொல்வார்கள். கேட்காதே என்கிறவர் எதிரில் வந்தால் கும்பிடு போடுங்கள், தப்பில்லை. கையில் சொம்பு இருந்தால் மட்டும், அதைக் காலியாகவே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள்.